வோல்ட் நீலமாக இருந்த மத்தியானம்

அடுத்த பருவத்திலிருந்து சோலார் கார் அணியை நீங்கள் இருவரும் பார்த்துக்கொள்ளப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். மோட்டார், பேட்டரி, பேனல் பற்றியெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். நான் ஓய்வு பெற்ற பிறகு அவற்றில் பாதி மாறிவிட்டது. மாறாத பாதியை நீங்கள் என்னைவிட நன்றாகப் படித்திருப்பீர்கள். என்னிடம் இருப்பது வேறு. காருக்குப் பின்னால் போகும் வேனின் முன்சீட்டில், மடியில் வாக்கி-டாக்கியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரங்கள்தான் என்னிடம் இருக்கின்றன. அவற்றில் ஒரு மத்தியானத்தை மட்டும் உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அதற்கு முன்னால் அந்தப் பிள்ளைகளைச் சொல்ல வேண்டும்.

அணித் தலைவன் கார்த்தி. அபிராமத்துக்காரன். வீட்டில் மிளகாயும் பருத்தியும் விவசாயம். மழையை நம்பி வாழ்கிற குடும்பத்தில் பிறந்தவன், வெயிலை நம்பி ஓடும் வண்டிக்குத் தலைவன் ஆனான். லேப்டாப்பை மடியில் வைத்து, பேட்டரியில் என்ன மிச்சம், எந்த வேகத்தில் போனால் எவ்வளவு தூரம் போகலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருப்பான். ஜெரோம் தங்கச்சிமடத்துப் பையன். அவனுடைய அய்யாவுக்குச் சொந்தமாக ஒரு படகு உண்டு. காரின் உடம்பை முழுக்க அவன்தான் வார்த்தான். வேனையும் அவன்தான் ஓட்டுவான். மூன்றாவது ஆள் நஸ்ரின். கீழக்கரைப் பெண். காரை ஓட்டியவள் அவள்.

அவளை எப்படித் தேர்ந்தெடுத்தோம் என்றால், மாரியூர் பக்கம் கடற்கரை ரோட்டில் ஒருநாள் சோதனை ஓட்டம் வைத்திருந்தோம். ஓட்ட ஆசைப்பட்ட எல்லாருக்கும் ஆளுக்குக் கொஞ்ச தூரம் கொடுத்தோம். பையன்கள் உள்ளே உட்கார்ந்ததும் வாக்கியில் வர்ணனை ஆரம்பித்துவிடும். "மச்சான், செமயாப் போகுதுடா", "ஆடு குறுக்க வருதுடா", "எங்கன இருக்கீங்க, கண்ணாடில தெரியலியே" என்று ஒரே பேச்சு. நஸ்ரின் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "வோல்ட் தொண்ணூத்தாறு. வேகம் நாப்பது. ரோட்டுல மிளகா காயுது, வலது பக்கம் ஒதுங்குறேன்" என்றாள். அவ்வளவுதான். மறுபடி அமைதி.

கார்த்தி என்னைத் திரும்பிப் பார்த்தான். "மேம், இந்தப் புள்ளதான்."

அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. ஓட்டத்தின் நடுவில் வானம் மூட ஆரம்பித்தது. வேகத்தைக் குறைத்துக்கொண்டு மெதுவாகப் போய்விடலாம் என்று கார்த்தி சொன்னான். ஜெரோம் வேனை நிறுத்தி, மேற்கூரையில் ஏறி நின்று கடலைப் பார்த்தான்.

"மேம், மேகத்தோட நெழல் தண்ணி மேல ஊர்ந்து வருது. நம்ம போற தெசைக்கே வருது. போனா அதுக்கு அடியிலயே போய்க்கிட்டு இருப்போம். இங்கன நின்னா அது நம்மளத் தாண்டிப் போயிரும்."

நின்றோம். எல்லாரும் இறங்கி ரோட்டோரம் உட்கார்ந்தோம். கடல் முதலில் மங்கியது. அப்புறம் உப்பளம், அப்புறம் பனைகள், கடைசியாக எங்கள் கார். ஒரு பெரிய போர்வையை யாரோ எங்கள் மேல் மெல்ல இழுத்துக்கொண்டு போவது போல் இருந்தது. கொஞ்ச நேரத்தில் கடலின் அந்தக் கோடியில் வெளிச்சம் ஒரு கோடாகத் தெரிந்தது. அந்தக் கோடு தண்ணீர் மேலேயே நடந்து வந்து எங்கள் கால் விரல்களைத் தொட்டது. கார்த்தியின் லேப்டாப்பில் எண்கள் ஏற ஆரம்பித்தன. வண்டி ஓட்டுவதில் நிற்பதும் ஒரு பகுதி என்று அந்தப் பிள்ளைகள் அன்றைக்குக் கற்றுக்கொண்டார்கள் என்று நினைத்தேன். நிற்பதில் எத்தனை வகை உண்டு என்று எனக்கே அப்போது முழுதாகத் தெரியாது.

போட்டி பங்குனியில் வந்தது. பெரிய ஊர்க் கல்லூரிகளின் அணிகள் எல்லாம் வந்திருந்தன. அவர்களுடைய கார்கள் கடையிலிருந்து அப்போதுதான் எடுத்தது போல் பளபளத்தன. எங்கள் கார், சாப்பாட்டு மேசையைக் கவிழ்த்துப் போட்டு நடுவில் ஒரு கண்ணாடிக் குமிழை ஒட்டியது போல இருக்கும். ஆனால் கடைசி நாள் ஓட்டம் எங்கள் மண்ணில்தான். ராமநாதபுரத்தில் புறப்பட்டு, பாம்பன் பாலம் ஏறி இறங்கி, ராமேஸ்வரத்தை ஒட்டிப் போய், தனுஷ்கோடி ரோடு கடலில் முடியும் வட்டத்தில் முடிக்க வேண்டும். அந்த ரோட்டில் அன்றைக்குச் சுற்றுலா வண்டிகளை மத்தியானம் முடியும் வரை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

காலையில் புறப்படும்போது நாங்கள் இரண்டாவது இடத்தில் இருந்தோம். பாம்பன் பாலத்தில் முதலாவதாக ஆனோம். காற்று அதிகம் இல்லை. பாலத்தின் உச்சியில் எங்கள் கார் ஏறியபோது கீழே படகுகள் சிதறிக் கிடந்த பச்சைக் கடலுக்கு மேல் அது மிதப்பது மாதிரி இருந்தது. வேனுக்குள் பிள்ளைகள் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நஸ்ரின் குரல் வந்தது: "வோல்ட் தொண்ணூத்தி நாலு. எறக்கம் வருது. கால எடுத்துட்டேன்."

தங்கச்சிமடத்தில் ஆள் மாற்றுவதாகத் திட்டம். அங்கே நஸ்ரின் இறங்கி, கார்த்தி ஏறி மிச்ச தூரத்தை ஓட்ட வேண்டும். நெருங்கியபோது நஸ்ரினே கூப்பிட்டாள்.

"அண்ணே, மாத்த வேணாம். நல்லாத்தான் இருக்கேன். மாத்துற நேரம் மிச்சம்."

கார்த்தி என்னைப் பார்த்தான். பின்னால் வந்த கார் எங்களுக்கு வெகு தூரத்தில் இல்லை. எண்கள் எல்லாம் சரியாக இருந்தன. அவள் குரலும் எப்போதும் போல இருந்தது. சரி என்றேன். தங்கச்சிமடத்தில் ரோட்டோரம் நின்று கையசைத்த ஜெரோமின் சொந்தக்காரர்களைத் தாண்டிக்கொண்டு போனோம்.

தனுஷ்கோடி ரோட்டுக்கு நீங்கள் போயிருப்பீர்கள். சவுக்குத் தோப்பு முடிந்த பிறகு, அங்கங்கே ஒரு மீன் கடையைத் தவிர எதுவும் இருக்காது. ஒரு பக்கம் பெண்கடல், அசையாமல் படுத்துக் கிடக்கும். இன்னொரு பக்கம் ஆண்கடல், கரையில் அறைந்துகொண்டே இருக்கும். நடுவில் ஒற்றை ரோடு, நேர்க்கோடாக. மத்தியான வெயிலில் அந்த ரோட்டின் கடைசி எப்போதும் தண்ணீராகத் தெரியும். நாம் போகப் போக அது விலகிக்கொண்டே போகும். எங்கள் கார் அந்தத் தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது. அதன் நிழல் அதற்கு நேர் கீழே ஒளிந்துகொண்டது. சத்தம் இல்லை. பின்னால் வந்த அணியின் கார் கானலில் ஒரு கரும்புள்ளியாகி, பிறகு அதுவும் காணாமல் போனது. உலகத்தில் நாங்கள் மட்டும் இருப்பது போல் இருந்தது. சொன்னால் சிரிப்பீர்கள், எனக்குத் தூக்கம் வருவது போல ஒரு சுகம் வந்தது.

அப்போது வாக்கியில் நஸ்ரின் பேசினாள்.

"மேம், ரெண்டு பக்கமும் கடல் எந்திரிச்சு நிக்குது."

வேனுக்குள் எல்லாரும் நிமிர்ந்தோம்.

"துணி காயப்போட்ட மாதிரி. வெள்ளத் துணியா. நடுவுல நாம போறோம்."

"ஏலே, நம்ம நஸ்ரினா பேசுது?" என்று பின்சீட்டில் ஒருவன் சிரித்தான். மற்றவர்கள் அவனை அடக்கினார்கள். வருடம் முழுக்க எண்களை மட்டும் சொன்ன பெண் அவள். இன்னொருவன் அவசரமாகப் போனை எடுத்து ரெக்கார்ட் செய்ய ஆரம்பித்தான். ஜெரோம்கூட ஸ்டியரிங்கைப் பிடித்தபடி புன்னகைத்தான்.

"அதுக்கு அந்தப் பக்கம் ஆளுக நடந்து போறாங்க. கால் நனையல அவங்களுக்கு." கொஞ்சம் இடைவெளி விட்டாள். "நான் ஓட்டலண்ணே. வண்டி அதுவாப் போகுது. நான் சும்மா உக்காந்திருக்கேன்."

அந்தக் குரல் இன்னமும் என் காதில் இருக்கிறது. அவ்வளவு மென்மை. அவ்வளவு நிம்மதி. அந்த வெயிலில், அந்தக் குமிழுக்குள், அந்த நிம்மதி எங்கிருந்து வந்தது?

நான் வாக்கியை எடுத்தேன். "நஸ்ரின், வோல்ட் எவ்வளவு?"

பதில் வர நேரமானது.

"வோல்ட்டா மேம்..." யோசிப்பது போல் இழுத்தாள். "அது நீலமா இருக்கு."

வேனில் யாரோ மறுபடி சிரித்தார்கள். நான் வாக்கியை இன்னும் கிட்டே பிடித்துக்கொண்டேன்.

"உனக்கு வேர்க்குதாம்மா?"

"இல்ல மேம். குளுகுளுன்னு இருக்கு. புல்லரிக்குது."

"கார்த்தி, வண்டிய நிறுத்தணும்" என்றேன்.

அவன் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினான். "மேம்! என்ன மேம் சொல்றீங்க? வட்டம் கண்ணுக்கே தெரியுது. இன்னும் கொஞ்சந்தான். முடிச்சுட்டு எறங்கட்டும் மேம், அங்கன ஆம்புலன்ஸே நிக்குது."

"அங்க கூட்டமும் நிக்குது" என்றான் ஜெரோம். அவன் முகத்தில் புன்னகை போயிருந்தது. "முன்னால மணல் வேற ரோட்டுல ஏறிக் கெடக்கு. ஒதுங்கி எடுக்கணும். இந்த நெலமையில அவ எடுக்க மாட்டா."

ஒரு வருட உழைப்பு அது. விடுமுறைக்கு வீட்டுக்குப் போகாமல், கை முழுக்கப் பசையும் நாரும் ஒட்டிக்கொண்டு, அந்தப் பிள்ளைகள் உண்டாக்கிய வண்டி முதலாவதாகப் போய்க்கொண்டிருந்தது. அவர்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அந்தப் பார்வை உங்களுக்கும் ஒருநாள் கிடைக்கும். அப்போது விளக்கம் சொல்ல உட்காராதீர்கள். விளக்கம் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

வாக்கியில் கொஞ்சம் கத்தியே சொன்னேன். "நஸ்ரின், வண்டிய நிறுத்து. உடனே நிறுத்து."

"ம்ம்... வாரேன் மேம்" என்றாள், வீட்டு வாசலிலிருந்து யாரோ கூப்பிட்டது போல. கார் அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது.

இன்னொரு முறை சொன்னேன். பதில் இல்லை. முன்னால் போய் மறிக்கலாம் என்றால் இவ்வளவு லேசான வண்டி ஒரு சின்ன இடிக்கே உருண்டுவிடும். தூரத்தில், ரோடு முடியும் வட்டத்தில் கூட்டத்தின் வண்ணங்கள் தெரிய ஆரம்பித்துவிட்டன. அதற்கு அப்பால் கல்லும் கடலும்தான்.

கார்த்தி லேப்டாப்பை மூடினான். என் கையிலிருந்த வாக்கியை வாங்கிக்கொண்டான். நான் தடுக்கவில்லை. அவன் கண் கலங்கியிருந்தது. ஆனால் வாயைத் திறந்தபோது வந்த குரல், கல்லூரி மைதானத்தில் தினமும் சாயங்காலம் எல்லாருக்கும் சலித்துப்போகிற அளவுக்குக் கேட்ட அதே குரல்.

"ஆள் மாத்து."

ஆள் மாற்றும் பயிற்சியை அந்தப் பிள்ளைகள் அப்படிச் செய்திருந்தார்கள். ஒருவர் சொல்ல வேண்டும், ஓட்டுபவர் அதையே திருப்பிச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். வேறு பேச்சு கூடாது.

வாக்கி கரகரத்தது. "ஆள் மாத்து" என்றாள் நஸ்ரின்.

"கால எடு."

"கால எடுத்தாச்சு."

கார் மெல்ல வேகம் குறைந்தது.

"இடது ஓரம்."

"இடது ஓரம்."

"பிரேக்."

"பிரேக்."

"மெயின் ஆஃப்."

"மெயின் ஆஃப்" என்றாள். மணல் மேட்டுக்குச் சற்று முன்னால், ரோட்டோரத்தில், யாரோ அளந்து வைத்தது போல கார் நின்றது. அவள் மனசு எங்கேயோ போயிருந்தது. கையும் காலும் மட்டும் அந்த மைதானத்திலேயே இருந்தன. என் சத்தத்துக்கு நிற்காத பெண், தனக்குப் பழகிய சொல்லுக்கு நின்றாள். நெருக்கடியில் புதுச் சொல் எதுவும் உள்ளே போகாது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. உங்கள் பிள்ளைகளுக்குப் பயிற்சி சலிக்கிறது என்று குறைப்பட்டால் குறைப்படட்டும், விடாதீர்கள்.

மேல் மூடியைக் கழற்றினோம். உள்ளே கையை விட்டதும் அடுப்புக்குள் விட்டது போல் இருந்தது. அவள் முகம் சிவந்து, ஒரு சொட்டு வேர்வை இல்லாமல் காய்ந்திருந்தது. கண் திறந்திருந்தது, பார்வை எங்கள் மேல் இல்லை. தூக்கி வந்து வேனின் நிழலில் கிடத்தினோம். ஜெரோம் பக்கத்தில் இருந்த மீன் வறுக்கும் கடைக்கு ஓடினான். கடைக்கார அம்மா ஒரு பெட்டி ஐஸைத் தூக்கிக்கொண்டு அவனுக்கு முன்னாலேயே ஓடி வந்தார். மீன் செதில் ஒட்டிய ஐஸ்.

"தலத்துணிய அவுத்துருங்க டீச்சர், மேல தண்ணிய ஊத்துங்க. ஏலே பையங்களா, அங்கிட்டுத் திரும்புங்க" என்றார் அந்த அம்மா.

காரை மூடி வைக்கும் பெரிய துணியைப் பையன்கள் எடுத்து, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி வரிசையாக நின்று, கைகளை உயர்த்தித் திரையாகப் பிடித்துக்கொண்டார்கள். நிழலும் ஆயிற்று, மறைவும் ஆயிற்று. நானும் கடைக்கார அம்மாவும் அவளுக்குக் கழுத்திலும் கக்கத்திலும் ஐஸை வைத்து, தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே இருந்தோம்.

பையன்களின் முகம் ரோட்டைப் பார்த்து இருந்தது. அப்போதுதான் மற்ற அணிகளின் கார்கள் வந்தன. ஒன்றன்பின் ஒன்றாக, கானலிலிருந்து பிரிந்து, சத்தமே இல்லாமல், மீன்கள் போல அவர்கள் கண் முன்னால் வழுக்கிக்கொண்டு போயின. நான் துணியின் இந்தப் பக்கம் இருந்தேன். எனக்குத் தெரிந்தது வெயிலில் துணிக்கு அந்தப் பக்கம் மங்கலாக நின்ற பையன்களின் உருவங்களும், அவற்றைக் கடந்து போன தட்டையான உருவங்களும்தான். ஒரு கை கூடக் கீழே இறங்கவில்லை. ஒரு காரிலிருந்து யாரோ கையை உயர்த்தி வணங்கியதாக ஜெரோம் பிறகு சொன்னான்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவளுக்கு நெற்றியில் வேர்த்தது. வேர்வையைப் பார்த்து நான் அழுதது அன்றைக்கு மட்டும்தான். "என்ன மேம், மீன் வாட அடிக்குது" என்று முனகினாள். கடைக்கார அம்மா, "அல்லா காப்பாத்திட்டான் புள்ள" என்று சொல்லிவிட்டு ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார். அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது.

அவளை ஏற்றி அனுப்பிய பிறகு போட்டி அதிகாரி வந்தார். வேறு ஓட்டுநர் ஏறி மிச்ச தூரத்தை முடிக்கலாம், விதியில் தடை இல்லை என்றார். முடிவை அணியிடமே விட்டேன். கார்த்தி ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு காருக்குள் உட்கார்ந்தான். சற்று நேரம் அப்படியே இருந்தான். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றினான்.

"மேம், கால் நடுங்குது. இப்ப ஓட்டுனா தப்பா ஓட்டுவேன்."

அவன் இறங்கினான். நான் ஓட்டுகிறேன் என்று வேறு யாரும் முன்வரவில்லை. கண்ணுக்குத் தெரிந்த தூரத்தில் வட்டம் இருந்தது. எங்களுக்குப் பின்னால் வந்திருந்த, காரை ஏற்றும் லாரியை ஜெரோம் பின்னால் எடுத்தான். பிள்ளைகள் எல்லாருமாகக் காரைத் தூக்கி ஏற்றினார்கள். என் பணிக்காலத்தில் மாணவர்கள் எடுத்த எத்தனையோ நல்ல முடிவுகளைப் பார்த்திருக்கிறேன். அதற்குச் சமமாக ஒன்றைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அவளுக்கு வெயில் தாக்கியிருந்ததை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று பிறகு பலர் என்னிடம் கேட்டார்கள். ஆசிரியர் வேலைக்கு வருமுன் ஒரு நூற்பாலையின் மின்சாரப் பிரிவில் கொஞ்ச காலம் இருந்தேன். அங்கே எங்கள் தலைவர் ஷிப்டில் இருப்பவர்களுக்குப் போன் போட்டு, "என்ன சாப்பிட்ட?" என்று மட்டும் கேட்பார். எதற்கு இந்த வெட்டிப் பேச்சு என்று எனக்கு எரிச்சலாக வரும். ஒருநாள் கேட்டுவிட்டேன். "மீட்டர் காட்டுறத நாளைக்கும் பாத்துக்கலாம்மா. மனுசன் எப்பவும் போலப் பேசுறானான்னு இப்பத்தான் பாக்க முடியும்" என்றார். நஸ்ரின் அழகாகப் பேசியதுதான் எனக்குப் பயமாகிப்போனது. அவள் எப்போதும் போலப் பேசவில்லை.

ராமேஸ்வரம் ஆஸ்பத்திரியில் சாயங்காலம் அவள் தெளிந்து உட்கார்ந்தாள். கையில் டிரிப் ஏறிக்கொண்டிருந்தது. கடைசித் தூரம் எதுவும் அவளுக்கு நினைவில் இல்லை. தங்கச்சிமடம் வரைக்கும்தான் ஞாபகம்.

"யாரு நிறுத்துனது?" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் கார்த்தி, "நாந்தான்" என்றான்.

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "முதல்ல போனோம்ல" என்றாள். அவ்வளவுதான். கார்த்தி வெளியே போய் வராந்தாவில் நின்றுகொண்டான்.

காரிலிருந்து எடுத்து வந்த அவளுடைய தண்ணீர் பாட்டில் என் பையில் இருந்தது. ஓட்டுபவர் வாயருகே குழாய் வைத்துக் குடிக்கிற பாட்டில். காலையில் நிரப்பியபடியே இருந்தது. எடுத்துக் காட்டினேன்.

"ஏம்மா, ஒரு வாய் கூடக் குடிக்கலியே?"

வாசலில் பையன்கள் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டாள். குரலைத் தாழ்த்தினாள்.

"குடிச்சா வழியில எங்க மேம் போறது?"

இதை நீங்கள் கவனமாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். பயணத் திட்டத்தில் எங்கே டயர் மாற்றலாம், எங்கே வெயில் குறையும் என்றெல்லாம் எழுதியிருந்தோம். ஒரு பெண் எங்கே இறங்கிப் போகலாம் என்று யாரும் எழுதவில்லை. அவளும் கேட்கவில்லை. அத்தனை பையன்களுக்கு நடுவில் எப்படிக் கேட்பாள்? நாளைக்கு உங்கள் அணியிலும் அவளைப் போல ஒருத்தி இருப்பாள். அவள் கேட்கமாட்டாள். நீங்கள் கேட்காமலே ஏற்பாடு செய்துவிடுங்கள்.

அவளுடைய உம்மா கீழக்கரையிலிருந்து வந்து சேர்ந்தார். வாப்பா சவுதியில், கட்டட வேலை. "வாப்பாட்ட சொல்லாத உம்மா" என்று நஸ்ரின் கெஞ்சினாள். உம்மா அதற்குள் சொல்லிவிட்டிருந்தார். போன் வந்தது. மகளிடம் பேசிவிட்டு, டீச்சரிடம் கொடு என்றாராம். வாங்கிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தேன். திட்டப் போகிறார், இனி என் பிள்ளை அந்தப் பக்கம் வரமாட்டாள் என்று சொல்லப் போகிறார் என்று தயாராக இருந்தேன்.

"மேடம், அவ வண்டிக்குள்ள என்னமோ பேசுனாளாமே. என்ன பேசுனா?" என்றார்.

கடல் எழுந்து நின்றது, வெள்ளைத் துணி, கால் நனையாமல் நடந்த ஆட்கள் எல்லாம் சொன்னேன். வோல்ட் நீலமாக இருந்ததையும் சொன்னேன்.

"எங்க சைட்டுல ஒருத்தர் இருந்தாரு மேடம். கம்பி கட்டுறவரு. வாயத் தொறந்து பேசவே மாட்டாரு. ஒருநா மத்தியான வெயில்ல திடீர்னு அவரு ஊரப் பத்திப் பேச ஆரம்பிச்சாரு. ஆத்துல தண்ணி வருது, பொண்ணுக குளிக்குதுக, அப்படி இப்படின்னு. கேக்க அம்புட்டு நல்லா இருந்துச்சு. நாங்கள்லாம் சுத்தி உக்காந்து, இன்னும் சொல்லு, இன்னும் சொல்லுன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டோம்."

"அப்புறம்?" என்றேன்.

"அவ்வளவுதான் மேடம்."

அங்கே யாரோ அவரை வேலைக்குக் கூப்பிடும் சத்தம் கேட்டது. அவர் போகவில்லை.

"அந்த வண்டிக்குள்ள காத்து வர வழி இருக்கா?"

"சின்னதா ஒண்ணு இருக்குங்க. பெருசா வச்சா காத்து உள்ள போயி வண்டியப் பின்னால இழுக்கும். வேகம் குறையும்."

"கொறஞ்சா கொறயட்டும். நேரா மூஞ்சில அடிக்கிற மாதிரி வைங்க மேடம். அடுத்த தடவையும் நாந்தான் ஓட்டுவேன்னு சொல்லுவா. எம் புள்ளைய எனக்குத் தெரியும். வேணாம்னு நான் சொல்ல மாட்டேன்."

போனைத் திருப்பிக் கொடுக்க உள்ளே போனபோது கார்த்தி கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். நஸ்ரின் இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவன் உரித்துக் கொடுத்த ஆரஞ்சைத் தின்றுகொண்டிருந்தாள்.

விடுமுறை முடிந்து கல்லூரி திறந்தபோது மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று ஆரம்பித்திருந்தது. பிள்ளைகள் காரைப் பட்டறையிலிருந்து வெளியே தள்ளிக்கொண்டு வந்து வெட்டவெளியில் நிறுத்தினார்கள். நஸ்ரின் உள்ளே உட்கார்ந்து, தன் முகத்துக்கு நேராக, குமிழின் மேல் மார்க்கரால் ஒரு வட்டம் போட்டாள். ஜெரோம் பார்த்துவிட்டு, "இம்புட்டுப் பெருசாவா?" என்றான். அவள் யோசித்துவிட்டு, அதைச் சுற்றி இன்னும் கொஞ்சம் பெரிதாக ஒரு வட்டம் போட்டாள். எவ்வளவு வேகம் குறையும் என்று கார்த்தி கணக்குச் சொல்லவில்லை. அவனே மெஷினை எடுத்து வெட்டினான். வெட்டிய துண்டு உள்ளே, அவள் மடியில் விழுந்தது.

நான் அந்த ஓட்டைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். அவள் முகம் அதில் தெரிந்தது. முகத்தில் விழுந்திருந்த தலைத்துணியின் நுனி படபடத்தது. கண்ணை மூடிக்கொண்டாள்.

"வருதா?" என்று கேட்டேன்.

"வருது மேம்" என்றாள்.